ஆண்டு இறுதியில் வரும் புத்தகங்களுக்குக் காத்திருப்பது எப்படி?

செப்டம்பர் பிறந்துவிட்டால் என் மேஜையில் ஒரு சின்ன நோட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த நான்கு மாதங்களில் வெளியாகப்போகும் புத்தகங்களில் நான் எதிர்பார்த்துக் காத்திருப்பவற்றை அதில் எழுதி வைப்பேன். பத்து அல்லது பன்னிரண்டு பெயர்கள், அவ்வளவுதான். சில புத்தகங்கள் அச்சுக்கே போயிருக்கும், சிலவற்றுக்கு அட்டைப்படம்கூட வந்திருக்காது.

புதிதாக வாசிப்புக்குள் வந்த நண்பர்கள் இந்த நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “எது எப்போ வருதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறீங்க? வந்த உடனே வாங்கணுமா, பொறுக்கலாமா?” அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே யோசனைதான்: கொஞ்சமாகத் தேர்ந்தெடுங்கள், தேர்ந்தெடுத்ததைக் கடைசிவரை பின்தொடருங்கள். ஐம்பது பெயரைக் குறித்து வைத்தால் ஐம்பதும் மறந்துபோகும்.

முதலில் காலக்கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

புத்தக உலகின் ஆண்டு இறுதி டிசம்பரில் தொடங்குவதில்லை. ஆங்கிலப் பதிப்பகங்களுக்குச் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். பிரான்சில் இன்னும் முன்னால், ஆகஸ்ட் கடைசியிலேயே நாவல்கள் குவிய ஆரம்பிக்கும். இதற்குக் காரணம் இரண்டு: ஒன்று அன்பளிப்பு, இன்னொன்று விருது.

அன்பளிப்பாகக் கொடுக்கப் புத்தகம் வாங்கும் வழக்கம் பழையது. சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ 1843 டிசம்பர் 19 அன்று வெளியானது. முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் விற்றுத் தீர்ந்துவிட்டன. பின்னாளில் அகதா கிறிஸ்டியின் பதிப்பகம் ‘கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி’ என்று விளம்பரம் செய்தே ஆண்டுதோறும் அவருடைய நாவலைக் கொண்டுவந்தது. ஐஸ்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே மற்ற இறக்குமதிப் பொருள்களுக்கு இருந்த கட்டுப்பாடு காகிதத்துக்கு அவ்வளவாக இல்லை. அதனால் ஒருவருக்கொருவர் புத்தகம் கொடுப்பது வழக்கமாகி நிலைத்துவிட்டது. 1944 முதல் அந்த ஆண்டின் புதுப் புத்தகங்கள் அடங்கிய பட்டியலை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். டிசம்பர் 24 இரவு பரிசைப் பிரிக்கிறவர்கள் அப்படியே உட்கார்ந்து படிக்கவும் தொடங்கிவிடுவார்கள். அந்த ஆண்டு இறுதி வெளியீட்டு அலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘புத்தக வெள்ளம்’ என்றுதான் பொருள்படும்.

விருதுகள் அடுத்த காரணம். பிரான்சில் 1903 முதல் வழங்கப்படும் கோன்கூர் விருது நவம்பர் தொடக்கத்தில் அறிவிக்கப்படுகிறது. பரிசுத்தொகை வெறும் 10 யூரோதான், ஆனால் விருது பெற்ற நாவல் லட்சக்கணக்கில் விற்கும். அந்தக் கணக்கை வைத்துத்தான் அங்குள்ள பதிப்பகங்கள் ஆகஸ்ட் கடைசியிலிருந்தே நாவல்களை இறக்குகின்றன. நோபல் அக்டோபரில் வருகிறது. ஆங்கில நாவல்களுக்கான புக்கர் பரிசின் குறும்பட்டியல் செப்டம்பரில் வந்துவிடும், முடிவு அதன் பிறகு.

ஆகவே உங்கள் நாட்காட்டி இப்படி இருக்கட்டும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பட்டியல் போடுங்கள். அக்டோபரில் விருதுச் செய்திகளைக் கவனியுங்கள். நவம்பர் வாங்கும் மாதம். டிசம்பர் நடுவுக்கு மேல் பெரிய பதிப்பகங்களின் புது வெளியீடு குறைந்துவிடும். கடைகள் வந்த சரக்கை விற்பதிலேயே முனைப்பாக இருக்கும் நேரம் அது. அந்த நாட்களில் புதிதாக எதையும் தேடி அலைய வேண்டாம், கையில் இருப்பதைப் படியுங்கள்.

செய்தியை ஊற்றிலிருந்தே எடுங்கள்

‘இந்த ஆண்டு இறுதியில் கட்டாயம் படிக்க வேண்டிய 40 புத்தகங்கள்’ என்ற மாதிரிப் பட்டியல்களில் தொடங்காதீர்கள். அவற்றில் பாதி, மற்றொரு பட்டியலைப் பார்த்து எழுதியதாக இருக்கும். நேராகப் பதிப்பகத்துக்குப் போங்கள்.

பெரும்பாலான பெரிய பதிப்பகங்கள் பருவத்துக்கு ஒரு நூல்பட்டியல் (கேட்டலாக்) தயாரிக்கின்றன. கடைக்காரர்களும் நூலகர்களும் முன்கூட்டியே எத்தனை பிரதி வேண்டும் என்று தீர்மானிப்பதற்காகச் செய்வது அது. ஏறத்தாழ ஆறு மாதம் முன்பே வந்துவிடும். பல பதிப்பகங்கள் அதைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைப்பு, ஆசிரியர், இரண்டு பத்தி அறிமுகம், வெளியீட்டு நாள், பக்க எண்ணிக்கை, அட்டை வகை, ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என் என்று எல்லாம் இருக்கும். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, உங்களுக்குப் பிடித்த மூன்று பதிப்பகங்களின் பட்டியலை முழுக்கப் புரட்டிப் பாருங்கள். விளம்பரமே இல்லாமல் வரப்போகும் நல்ல புத்தகங்கள் அங்கேதான் கண்ணில் படும். எனக்குப் பிடித்த சிறுகதைத் தொகுப்புகளில் பாதியை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்தது எழுத்தாளர்கள். பலர் மாதம் ஒரு மின்னஞ்சல் மடல் அனுப்புகிறார்கள். அட்டைப்படம், வெளியீட்டு நாள் எல்லாம் முதலில் அங்கேதான் வரும். எழுத்தாளர்களைப் போலவே மொழிபெயர்ப்பாளர்களையும் பின்தொடருங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தன் ரசனைக்கு ஒத்துவராத புத்தகத்தோடு ஓராண்டு, இரண்டாண்டு குடித்தனம் நடத்த மாட்டார். அவர் பெயர் இருக்கிறது என்பதே ஒரு சிபாரிசு.

வாசகர்கள் தாங்கள் படித்தவற்றைப் பதிந்து மதிப்பிடும் குட்ரீட்ஸ் போன்ற தளங்களில் ‘படிக்க வேண்டும்’ அடுக்கில் ஒரு புத்தகத்தைச் சேர்த்து வைப்பது வசதிதான். ஆனால் அங்குள்ள விவரங்களில் நிறைய, வாசகர்களும் தன்னார்வலர்களும் ஏற்றியவை. நினைவூட்டலுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், தேதிக்குப் பதிப்பகத் தளத்தைப் பாருங்கள்.

தேதி உண்மையா என்று சோதிக்க

விற்பனைத் தளங்களில் போட்டிருக்கும் வெளியீட்டு நாள் எல்லாமே உறுதியானது என்று நினைத்துவிடாதீர்கள். தேதிக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால் சும்மா ஒரு நாளைப் போட்டு வைப்பதும் உண்டு. டிசம்பர் 31, ஜனவரி 1 என்றெல்லாம் இருந்தால் அது அநேகமாக அப்படிப்பட்ட தேதிதான்.

கிழமையும் ஒரு துப்பு. அமெரிக்காவில் புதுப் புத்தகங்கள் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை வரும், பிரிட்டனில் வியாழக்கிழமை. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ நூற்றுக்கணக்கான புத்தகங்கள் ஒரே நாளில் வந்து விழும் வியாழனுக்கு அங்கே ‘சூப்பர் வியாழன்’ என்றே பெயர். ஆக, ஒரு அமெரிக்கப் பதிப்பின் வெளியீட்டு நாள் ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அதேபோல அட்டைப்படம் இல்லை, பக்க எண்ணிக்கையும் இல்லை, தலைப்பு மட்டும் இருக்கிறது என்றால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அந்தப் பெயரை நோட்டில் பென்சிலால் எழுதுங்கள்.

நோட்டு

கைபேசியிலும் வைத்துக்கொள்ளலாம், காகிதத்திலும் வைத்துக்கொள்ளலாம். எனக்குக் காகிதம்தான் பிடிக்கும். அடித்துத் திருத்திய தேதிகள் அழியாமல் அப்படியே கண்முன் இருக்கும்.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்:

“நாவல், மூன்றாம் பாகம். கெட்டி அட்டை. நவம்பர் 12 — பதிப்பகத் தளம், செப். 3 அன்று பார்த்தது. நூலகத்தில் கேட்க. முதல் இரண்டு பாகம் அக்டோபருக்குள் மறுபடி.”

வெளியீட்டுத் தேதியை எழுதினால் போதாது, அதை எங்கே, எந்த நாளில் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து வேறொரு இடத்தில் வேறு தேதி கண்ணில் பட்டால், எது புதிய செய்தி என்று உடனே தெரிந்துவிடும். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு எனக்குத் தேதிக் குழப்பமே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்றில் ஒரு சொல்லைப் போடுங்கள்: ‘வாங்க’, ‘நூலகம்’, ‘பொறுக்க’. ‘வாங்க’ என்பது வருஷம் கழித்தும் திரும்ப எடுக்கப்போகும் புத்தகத்துக்கு. ஒருமுறை படித்தால் போதும் என்று தோன்றுவது ‘நூலகம்’. நாலு பேர் படித்துச் சொல்லட்டும் என்று தோன்றினால் ‘பொறுக்க’. என் நோட்டில் ‘வாங்க’ ஒருபோதும் நான்கைத் தாண்டாது. தாண்டினால் ஏதோ ஒன்றின் மேல் எனக்கு உண்மையான ஆசை இல்லை என்று தெரிந்துகொண்டு மறுபடி வாசித்துப் பார்த்துக் குறைப்பேன்.

ஒரு வரியைக் காலியாக விடுங்கள். அது அக்டோபருக்கு. 2024 அக்டோபர் 10 அன்று தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்குக்கு நோபல் என்று அறிவித்தார்கள். ஒரு வாரத்துக்குள் அவருடைய புத்தகங்கள் அவர் நாட்டில் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன, அச்சகங்கள் ஓய்வில்லாமல் ஓடின. அதுவரை பெயரே கேள்விப்படாத ஒருவர் திடீரென்று நீங்கள் படித்தே தீர வேண்டியவராக ஆகும் நாள் அது. அந்த நேரத்தில் கடையில் தீர்ந்துபோனால் பதற வேண்டாம். மறு அச்சு நிச்சயம் வரும். நூலகத்தில் அவருடைய பழைய புத்தகம் ஏதாவது யாரும் எடுக்காமல் இருக்கலாம், முதலில் அங்கே தேடுங்கள்.

புதுசா, மறுபதிப்பா?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிறுகதை எழுத்தாளரின் ‘புதிய’ தொகுப்பு நவம்பரில் வருகிறது என்று பார்த்தேன். புது அட்டை, புதுத் தலைப்பு. அறிமுகத்தில் கதைகளின் பெயர் எதுவும் இல்லை. மகிழ்ச்சியோடு முன்பதிவு செய்து இரண்டு மாதம் காத்திருந்தேன். உறையைப் பிரித்து முதல் கதையின் முதல் வரியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, இது என் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் கதை. பழைய தொகுப்பைத்தான் வேறு தலைப்பில் மறுபடி போட்டிருந்தார்கள். உள்ளே, பதிப்புரிமை அச்சிட்டிருக்கும் விவரப் பக்கத்தில் பொடி எழுத்தில் அதைச் சொல்லியும் இருந்தார்கள். அந்த இரண்டு மாத எதிர்பார்ப்பு வீணாகிப் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அதனால் முன்பதிவுக்கு முன் இவற்றைப் பாருங்கள். அறிமுகக் குறிப்பில் ‘புதிய பதிப்பு’, ‘முன்னர் வேறு தலைப்பில் வெளியானது’, ‘தேர்ந்தெடுத்த கதைகள்’ போன்ற சொற்கள் இருக்கின்றனவா? எழுத்தாளரின் முழு நூல்பட்டியலில் ஏறத்தாழ அதே பக்க எண்ணிக்கையில் பழைய புத்தகம் ஒன்று இருக்கிறதா? மொழிபெயர்ப்பு என்றால் மூலம் எந்த ஆண்டு வந்தது?

ஐ.எஸ்.பி.என் எண் பற்றி ஒரு தவறான எண்ணம் பலருக்கு உண்டு. எண் புதிது என்றால் புத்தகமும் புதிது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. கெட்டி அட்டைக்கு ஒரு எண், சாதா அட்டைக்கு ஒரு எண், திருத்திய பதிப்புக்கு இன்னொன்று. 2007-க்குப் பிறகு வந்தவற்றில் 13 இலக்கம் இருக்கும், 978 அல்லது 979 என்று தொடங்கும். அதற்கு முன்னால் 10 இலக்கம்தான். எதையும் மாற்றாமல் மறு அச்சு மட்டும் போட்டால் பழைய எண்ணே தொடரும். ஆகவே இந்த எண், நீங்கள் கேட்ட பதிப்புதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும். நோட்டில் ‘வாங்க’ என்று போட்டவற்றுக்கு இதையும் எழுதி வையுங்கள். கடையில் தலைப்பைச் சொல்லிக் கேட்பதைவிட இந்த எண்ணைக் காட்டுவது பிழையில்லாத வழி.

புத்தகம் கைக்கு வந்த பிறகு விவரப் பக்கத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பல ஆங்கிலப் பதிப்புகளில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒரு எண் வரிசை இருக்கும். அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்கிறது. 1 இருந்தால் முதல் அச்சு. 1, 2 இரண்டும் காணாமல் 3-இல் முடிந்தால் மூன்றாம் அச்சு. முதல் அச்சுப் பிரதிகளைச் சேர்த்து வைக்க விரும்புகிறவர்கள் கடையில் நின்றே இதைப் பார்த்துவிடலாம்.

ஆண்டு இறுதிப் புத்தகங்களுக்கு ஆண்டும் குழப்பும். சிக்மண்ட் பிராய்டு கனவுகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல் 1899 நவம்பரிலேயே வெளியாகிவிட்டது. ஆனால் அதன் முகப்புப் பக்கத்தில் 1900 என்று அச்சிட்டிருந்தார்கள். புத்தகம் புது நூற்றாண்டைச் சேர்ந்ததாகத் தெரிய வேண்டும் என்று பதிப்பாளர் நினைத்திருக்கலாம். நவம்பர், டிசம்பரில் வாங்கிய புத்தகத்தில் அடுத்த ஆண்டின் எண்ணைக் கண்டால் பிழை என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

முன்பதிவு செய்யலாமா?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். பெரும் புகழுள்ள எழுத்தாளரின் நாவல் வெளியாகும் நாளில் எங்கும் அடுக்கி வைத்திருப்பார்கள், அதற்கு முன்பதிவு செய்வதால் உங்களுக்கும் பெரிய பயனில்லை, அவருக்கும் இல்லை. ஆனால் முதல் புத்தகம் எழுதியவர், சின்னப் பதிப்பகம், மொழிபெயர்ப்பு என்றால் கட்டாயம் செய்யுங்கள். எத்தனை பிரதி அச்சிடலாம், எந்தக் கடைக்கு எத்தனை அனுப்பலாம் என்று முடிவு செய்யும்போது முன்பதிவு எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். முன்பதிவுகள் வழக்கமாக முதல் வார விற்பனைக் கணக்கில்தான் சேரும். ஒரு புது எழுத்தாளருக்கு அந்த முதல் வாரம் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. நூறு பேர் நவம்பரில் ‘வாங்கலாம்’ என்று நினைப்பதைவிட, பத்துப் பேர் செப்டம்பரிலேயே பதிவு செய்வது அவருக்கு அதிகம் உதவும்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தை இப்போதே எடுப்பார்களா, அனுப்பும்போதா? தேதி தள்ளிப்போனால் ரத்து செய்யலாமா? வருவது எந்த அட்டை? மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் கெட்டி அட்டை முதலில் வரும், சாதா அட்டை அநேகமாக ஓராண்டு கழித்து. பொறுமை இருந்தால் விலை குறைவான, கையில் பிடிக்கச் சுலபமான பதிப்பே போதும். சென்ற ஆண்டு நவம்பரில் ‘பொறுக்க’ என்று குறித்தவை இந்த ஆண்டு இறுதியில் சாதா அட்டையில் வருகின்றனவா என்று பழைய பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

மின்னூல் என்றால் குறித்த நாளின் நள்ளிரவில் தானாகத் திறந்துகொள்ளும். எந்த நாட்டுக் கடையில் வாங்கினீர்களோ அந்த ஊர் நேரம்தான் பெரும்பாலும் கணக்கு என்பதால், சில மணி நேரம் முன்பின் ஆகலாம்.

நூலகத்தைப் பலர் மறந்தே போகிறார்கள். புத்தகம் வெளியாவதற்கு முன்பே நிறைய நூலகங்கள் அதை வாங்கப் பதிவு செய்து பட்டியலில் ஏற்றிவிடும். அப்போதே உங்கள் பெயரை வரிசையில் போட்டால் முதல் ஐந்து பேருக்குள் நீங்கள் இருப்பீர்கள். வெளியான பிறகு போட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். பட்டியலில் இல்லாவிட்டால் ‘இந்த நூலை வாங்குங்கள்’ என்று எழுதிக் கொடுக்கலாம். ஒரு வாசகர் கேட்டார் என்பது நூலகருக்கு நல்ல காரணம். உங்களால் அந்தப் புத்தகம் இன்னும் பலர் கைக்குப் போகும்.

தேதி தள்ளிப்போனால்

போகும். வருத்தப்பட வேண்டாம். 2021 இறுதியில் காகிதத் தட்டுப்பாடும் கப்பல் போக்குவரத்து நெரிசலும் சேர்ந்து பல புத்தகங்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளின. எழுதியவரும் பதிப்பித்தவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எழுத்தாளர் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார் என்பதற்காகத் தள்ளிப்போனால், அது நமக்கு நல்லதுதான். நோட்டில் பழைய தேதியை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்திலேயே புதியதை எழுதுங்கள். ஆசிரியரின் பக்கத்துக்குப் போய் ‘எப்போ வரும்’ என்று கேட்டுத் துளைக்க வேண்டாம். உங்களைவிட அதிகமாக அந்தத் தேதியை நினைத்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

காத்திருக்கும் வாரங்களில்

தொடர் நாவல் என்றால் முந்தைய பாகங்களை மறுபடி படியுங்கள். நேரமில்லை என்றால் கடைசி பாகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களையாவது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று நினைவுக்கு வந்துவிடும். உங்களுக்கு முற்றிலும் புதிய எழுத்தாளர் என்றால் அவருடைய மெலிந்த புத்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடை பிடிக்கவில்லை என்றால் முன்பதிவை ரத்து செய்ய இன்னும் காலம் இருக்கிறது.

பதிப்பகங்கள் மாதிரி அத்தியாயம் வெளியிட்டால் முதல் இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொள்வேன். முழு அத்தியாயத்தையும் படித்துவிட்டு ஆறு வாரம் இடைவெளி விட்டால், புத்தகம் வரும்போது அந்த முதல் அத்தியாயம் பழசாகிப் போயிருக்கும்.

வெளியீட்டுக்கு முன்பே வரும் மதிப்புரைகள் பற்றி ஒரு வார்த்தை. விமர்சகர்களுக்குக் கொடுப்பது திருத்தம் முடியாத மெய்ப்புப் பிரதி. அதில் இருக்கும் அச்சுப்பிழைகள், சில சமயம் முழு வாக்கியங்கள்கூட, கடைசிப் பதிப்பில் மாறியிருக்கும். எனவே ‘பிழைகள் மலிந்திருக்கின்றன’ என்று யாராவது முன்கூட்டியே எழுதியிருந்தால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். நான் மதிப்புரையின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் படித்து வைப்பேன். நடுவில் இருப்பது, கதையைச் சொல்லிவிடும் இடம், புத்தகத்தை முடித்த பிறகு படிக்க.

புத்தகம் கைக்கு வந்ததும்

உடனே படிக்கத் தோன்றும். ஒரு ஐந்து நிமிடம் மட்டும் பொறுங்கள். ஆண்டு இறுதி அவசரத்தில் கட்டிய புத்தகங்களில் கட்டுப்பிழை இருக்க வாய்ப்புண்டு. புத்தகம் ஒவ்வொரு தாளாக அச்சாவதில்லை. பெரிய தாளில் அச்சிட்டு மடித்த கற்றைகளாக, அச்சகத்தில் ‘ஃபாரம்’ என்று சொல்வார்கள், பெரும்பாலும் 16 பக்கம் கொண்டவையாகச் சேர்த்துக் கட்டப்படுகிறது. பிழை வந்தால் ஒரு ஃபாரமே விட்டுப்போயிருக்கும், அல்லது ஒரே ஃபாரம் இரண்டு தடவை இருக்கும், அல்லது தலைகீழாக இருக்கும். அதனால் பக்கம் பக்கமாகப் படித்துப் பார்க்கத் தேவையில்லை. பக்க எண்களில் மட்டும் கண்ணை வைத்து, வேகமாகப் புரட்டிக்கொண்டே போனால் போதும். 176-க்கு அடுத்து 193 வந்தால் ஒரு ஃபாரம் காணோம். அன்றைக்கே சொன்னால் மாற்றித் தருவார்கள். மூன்று மாதம் கழித்து 176-ஆம் பக்கத்துக்கு வந்து நிற்கும்போது கண்டுபிடித்தால் கஷ்டம்.

கெட்டி அட்டையாக இருந்தால் முதுகைப் பழக்க வேண்டும். புத்தகத்தின் முதுகு மேஜையில் படும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். முன்னட்டையை மட்டும் மெதுவாக மேஜையில் சாயுங்கள், பிறகு பின்னட்டையை. உள்தாள்கள் இன்னும் உங்கள் கையில் செங்குத்தாக நிற்கும். முன்பக்கத்திலிருந்து ஒரு பத்துத் தாளைச் சாய்த்து, மடிப்போரமாக விரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை நீவுங்கள். அடுத்து பின்பக்கத்திலிருந்து பத்துத் தாள். இப்படி மாற்றி மாற்றி நடுப்பக்கம் வரும்வரை. பசை லேசாக முனகும் சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். இதைச் செய்யாமல் நடுவில் விரித்து அழுத்தினால்தான் முதுகு உடைந்து, பிறகு எப்போது எடுத்தாலும் அதே பக்கத்தில் திறந்துகொள்ளும். புது மை வாசனையோடு இந்த ஐந்து நிமிடம் போவது எனக்கு ஆண்டின் மிகப் பிரியமான நேரங்களில் ஒன்று.

டிசம்பரில் வந்தவற்றை விட்டுவிடாதீர்கள்

ஆண்டின் சிறந்த புத்தகங்கள் என்ற பட்டியல்கள் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலுமே வந்துவிடுகின்றன. நியூயார்க் டைம்ஸின் முதல் பத்து அப்போதுதான் வரும். குட்ரீட்ஸ் வாசகர் வாக்கெடுப்பில் நவம்பர் நடுவுக்குப் பிறகு வெளியானவை அடுத்த ஆண்டுக் கணக்கில் போகின்றன. ஆக, டிசம்பரில் வரும் புத்தகம் இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்காது, அடுத்த ஆண்டுப் பட்டியல் போடும்போது அது வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். நல்ல புத்தகங்கள் இப்படி இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

புக்கர் பரிசின் கணக்கு இதற்கு மாறாக இருக்கிறது. அங்கே ஆண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி அடுத்த செப்டம்பர் 30-இல் முடிகிறது. சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’ 2023 நவம்பரில் வந்தது. அதற்கு புக்கர் கிடைத்தது 2024 நவம்பரில். முழுசாக ஓராண்டு. வந்த வாரத்திலேயே அதைக் குறித்து வைத்துப் படித்தவர்களுக்கு, விருது அறிவித்த இரவு தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் மாதிரி இருந்திருக்கும்.

அதனால் நவம்பர் நடுவுக்குப் பிறகு வெளியாகும் புத்தகங்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனி இடம் கொடுங்கள். ஜனவரி இரண்டாம் வாரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவற்றைப் பற்றி வாசகர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நீங்களே தேடிப் பாருங்கள். படித்துப் பிடித்திருந்தால் நாலு வரி எழுதுங்கள். டிசம்பரில் வந்த புத்தகத்துக்கு வாசகர் எழுதும் அந்த நாலு வரிதான் பல சமயம் முதல் மதிப்புரை.

பிறகு நோட்டில் மீந்திருப்பவற்றை அடுத்த பக்கத்துக்கு மாற்றுங்கள். என் நோட்டில் சென்ற முறை இரண்டு பெயர்கள் அப்படிப் போயின. ஒன்றுக்கு எதிரே இரண்டு தேதிகளை அடித்துவிட்டு ‘மார்ச்’ என்று எழுதியிருக்கிறேன். இன்னொன்று இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.